தேசிங்கு ராஜாவின் ரிவால்வர்

செஞ்சிக் கோட்டை பக்கத்திலேயே இருப்பதால், திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தில் எந்தப் பரணில் துருப்பிடித்த கைத்துப்பாக்கி அகப்பட்டாலும் அதற்கு உடனே ஒரு வம்சாவளி தயாராகிவிடும். "தேசிங்கு ராஜா இடுப்புல இருந்ததுங்க!" செஞ்சியை ஆண்ட அந்த ராஜா போரில் மாண்டது 1714-இல். சாமுவேல் கோல்ட் ரிவால்வருக்குக் காப்புரிமை வாங்கியது 1836-இல். ராஜாவின் குதிரை எத்தனை வேகமாய்ப் பறந்தாலும் 122 வருஷம் முன்னே பாய்ந்திருக்காது.

"அப்போ கிளைவ்?" அவரும் 1774-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். 1760-இல் வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலியும் இங்கிலீஷ் தளபதி அயர் கூட்டும் மோதியபோதுகூட, ஒரு குண்டு சுட்டவன் மருந்து கெட்டித்து முடிக்கும்வரை எதிரி பெரியமனசு பண்ணிக் காத்திருக்கணும்.

ஆக, பரண் சரக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டு அல்லது அதற்குப் பிந்தியதுதான். ஆனால் யாருடையது? மற்ற ஜில்லாக்காரர்களுக்கு வெள்ளைக்காரன் ஒருத்தன். நமக்கு ரெண்டு பேர். வரப்பைத் தாண்டினால் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன், திரும்பி வந்தால் இங்கிலீஷ்காரன். 1947 வரை இந்தக் கூத்து.

இங்கிலீஷ்காரன் சாமானைக் கண்டுபிடிப்பது சுலபம். வெப்லி ரிவால்வரை நடுவில் மடக்கினால் காலித் தோட்டா ஆறையும் ஒரேயடியாகத் துப்பும். சர்க்கார் சொத்து என்பதற்கு அம்புக்குறி முத்திரை. 1887-இல் வந்த முதல் மார்க்கின் பிடி பறவைத் தலையாய் வளைந்திருக்கும். 1915-இன் ஆறாவது மார்க்குக்குப் பிடியின் அடி சதுரம்.

பிரெஞ்சுக்காரனின் 1873 மாடல் மடங்காது. வலப்பக்கக் குட்டிக் கதவைத் திறந்து, தோட்டாவை ஒவ்வொன்றாகப் போட்டு, சுட்டபின் ஒவ்வொன்றாகக் குத்தித் தள்ளணும். நிதானமான யுத்தம்! கீழ்மட்டத்தாருக்குக் கொடுத்தது சாயம் காணாத வெள்ளை இரும்பு, மொழுமொழு உருளை. மறுவருஷமே அதிகாரிகளுக்கென்று 1874 மாடல்: கருமெருகு, உருளையில் பள்ளக்கோடு. சமத்துவம் முழங்கிய குடியரசு, துப்பாக்கியில் மட்டும் சாதி பார்த்தது.

இதிலும் போலி உண்டு. கைபர் கணவாய்ப் பட்டறைகள் பிரிட்டிஷ் துப்பாக்கிகளை முத்திரையோடு நகலெடுத்தவை. சிலவற்றில் விக்டோரியா மகாராணியின் முத்திரைக்குக் கீழே அவர் 1901-இல் இறந்ததற்குப் பிந்தைய வருஷம் இருக்கும். அம்மையார் ஆவியாக வந்து கையெழுத்துப் போட்டார் போலிருக்கிறது.

இத்தனையும் தெரிந்துகொண்டு, உரிமம் இல்லாத உருப்படியைத் துணியில் சுற்றி ஸ்டேஷனுக்கு எடுத்துப்போய், "சார், இது 1873-ஆ, 1874-ஆ?" என்று கேட்டால், ரைட்டர் தலைநிமிராமல் எழுதப்போகும் வருஷம் ஒன்றுதான்: ஆயுதச் சட்டம், 1959.