எல்.கே.ஜி. வித்வானும் 61 கட்டையும்

2019-இல் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம், அமெரிக்காவின் ‘தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்’ போட்டியில் பியானோ வாசித்துப் பத்து லட்சம் டாலர் வென்றான். தச்சநல்லூர் அப்பாவுக்கு அது போதும்: பிள்ளை, பியானோ, டாலர். லிடியனுக்கு அப்போது வயது 13, அவன் தந்தையே இசையமைப்பாளர் என்பதெல்லாம் அவர் கணக்கில் சில்லறை.

பியானோவுக்கு 88 கட்டைகள். சுவரோரம் நிற்கும் ரகமே சுமார் 200 கிலோ. மாடியேற்ற ஆள், சுருதி சேர்க்க ஆள் என்று தனிச் செலவு. எனவே 61 கட்டைக் கீபோர்டு வீட்டுக்கு வருகிறது. பொத்தானைத் தட்டிவிட்டு எல்.கே.ஜி. வித்வான் ஒற்றை விரலை வைத்தால் போதும், மிச்சக் கச்சேரியைப் பெட்டியே நடத்திவிடும்.

“பேரன் என்னமா வாசிக்கான், பாருங்கடே!” என்று பூரிக்கிறார் தாத்தா.

மெல்ல அழுத்தினால் மெல்லவும் ஓங்கி அழுத்தினால் ஓங்கியும் ஒலிக்குமா என்று கடையில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியது அது ஒன்றைத்தான். சில மலிவு ரகங்களில் பூவாய்த் தொட்டாலும் குத்தினாலும் ஒரே சத்தம்தான். பின்னாளில் உண்மையான பியானோ கிடைத்தால் விரல் திணறும்.

அப்பாவோ அதற்குள் லண்டன் டிரினிட்டி கல்லூரி இசைத் தேர்வின் எட்டாம் கிரேடு வரை திட்டம் போட்டாயிற்று.

ஆச்சி மட்டும் நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களை நினைவூட்டினாள். தூணுக்கு மாதத் தவணை வசதி இல்லாததால் அந்த யோசனை பரிசீலிக்கப்படவில்லை.