வீட்டில் சுத்தம், ஆற்றில் மிச்சம்

நாங்கள் சின்னப் பையன்களாக இருந்தபோது நெய்க்காரப்பட்டியில் கழிவறை இருந்தால் அது வசதியான வீடு. மற்றவர்களுக்குக் கரும்புக்காட்டு வரப்பும் ஓடைக்கரையும்தான். வெல்லம் காய்ச்சுகிற ஊர். கொப்பரையில் பாகு கொதிக்கும் வாசனை ஒரு பக்கம், வேலிப்புதருக்குப் பின்னால் எங்கள் வாசனை இன்னொரு பக்கம். அந்தக் காலத்தை மெச்சுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். எப்போதடா இருட்டும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த பெண்களைக் கேட்டால் அந்தப் பொற்காலத்தின் லட்சணம் தெரியும்.

ஆனால் அத்தனை அசுத்தக்காரர்களான நாங்கள் தைப்பூசத்துக்குப் பழனி போனால் சண்முகநதியில் முங்கித்தான் குளித்தோம். பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதி என்று கொடைக்கானல் மலைச்சரிவிலிருந்து இறங்கி வரும் தண்ணீர். இடுப்பளவு ஆழத்திலும் காலடி மணல் தெரியும். காவடிக்காரர்கள் அதையே இரண்டு கையாலும் அள்ளிக் குடிப்பார்கள்.

இப்போது நாங்கள் சுத்தக்காரர்கள். வீட்டுக்கு வீடு கழிவறை, சுவர் முழுக்க டைல்ஸ், மணத்துக்கு பினாயில். சண்முகநதிக் கரையிலோ திருவிழா நாட்களில் பக்தர்களுக்கு ஷவர் வைக்கிறார்கள். புண்ணிய நதியைப் பார்த்தபடியே குழாய்த் தண்ணீரில் குளித்துவிட்டுக் காவடி எடுக்கலாம். ஏற்பாட்டில் குறை சொல்ல முடியாது.

இந்த மாயத்தின் சூட்சுமம் செப்டிக் டேங்கில் இருக்கிறது. முறையாகக் கட்டினால் இரண்டு அறை. கசடு அடியில் தங்கும், மேலே தெளிந்த நீர் உறிஞ்சுகுழி வழியாக மண்ணுக்குள் இறங்கும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கசடை எடுக்க வேண்டும். எங்கள் கொத்தனார் கணக்கு வேறு. "பெருசாக் கட்டிட்டா ஆயுசுக்கும் நிறையாதுங்க" என்றார். முன்ஜாக்கிரதையாக, வழிவதற்கு ஒரு குழாயும் வைத்தார். அது நேராகத் தெருச் சாக்கடைக்கு. சாக்கடை ஓடைக்கு. ஓடைக்கு ஆற்றை விட்டால் வேறு போக்கிடம் ஏது? பழனி பெரிய ஊர், அங்கே எல்லாம் பெரிய அளவில் நடக்கிறது. வயலுக்குப் பாய்ந்த வையாபுரிக் குளத்தில் நகரத்துச் சாக்கடை சேர்ந்து ஆகாயத்தாமரை அமோகமாக விளைகிறது.

ஆயுசுக்கும் நிறையாத தொட்டி ஒருநாள் நிறைந்தது. லாரி வந்தது. தடித்த குழாயைத் தெருவிலிருந்து இழுத்து வந்து, மூடியை நெம்பி, உள்ளே விட்டார் டிரைவர். மோட்டார் உறுமியதும் குழாய் ஒரு துள்ளு துள்ளி அடங்கியது. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொண்டன. அரை மணியில் வேலை முடிந்துவிட்டது.

"எங்க தம்பி கொண்டுபோய் ஊத்துவீங்க?"

"உங்க வீட்டை விட்டுப் போயிருச்சில்லீங்க? அப்புறம் என்னங்க!"

மேற்கொண்டு கேட்க எனக்கும் வாய் வரவில்லை. காசைக் கொடுத்து அனுப்பினேன்.

அரசாங்கம் சும்மா இருந்துவிடவில்லை. 2014-லேயே மலக்கசடு மேலாண்மைக்கு வழிகாட்டுதல் வந்துவிட்டது. பாதாளச் சாக்கடைக்கு வழியில்லாத சிற்றூர்களுக்கு முன்மாதிரியாக, மதுராந்தகம் பக்கம் கருங்குழிப் பேரூராட்சியில் கசடு சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள். லாரி கொண்டுவரும் கசடைப் படுகையில் பரப்பிக் காயவைத்து எருவாக்குகிறார்கள். வடிகிற நீரைத் தனியாகச் சுத்திகரிக்கிறார்கள். ராக்கெட் விடுகிற வேலை ஒன்றுமில்லை. லாரிக்கு உரிமம் வேண்டும், மீறினால் முதல் முறை 25,000 ரூபாய், மறுமுறை 50,000 என்று 2022-இல் சட்டத்தையும் திருத்தினார்கள். கழிவறை திறப்பு விழா என்றால் மாலை, போட்டோ. சுத்திகரிப்பு நிலையத்துக்கு இடம் பார்க்க வந்தால் மட்டும் எந்த ஊரானாலும் சாலை மறியல். கசடு எல்லாருடையது, நிலையம் அடுத்த ஊருடையதாக இருக்க வேண்டும்.

சண்முகநதி அமராவதியில் சேர்கிறது. அமராவதி கரூரைத் தாண்டித் திருமுக்கூடலூரில் காவிரியில் கலக்கிறது. எங்கள் திண்டுக்கல்லுக்குக் கூட்டுக் குடிநீர் கரூர் மாவட்டத்துக் காவிரியிலிருந்துதான் வருகிறது.