மறுபிறவிக்கும் ஒரு மனு

திபெத்திய பௌத்தர்களின் நம்பிக்கைப்படி, ஒருவர் இறந்தபின் அடுத்த பிறவிக்கு முன் ‘பார்தோ’ என்ற இடைநிலையில் 49 நாள் வரை அலைய வேண்டும். சாந்த தெய்வங்களும் கோர தெய்வங்களும் எதிரே வருமாம். அவர்களையெல்லாம் தாண்டிவிடலாம், பெய்ஜிங் அதிகாரிகளைத் தாண்டுவதுதான் பெரும்பாடு. ‘வாழும் புத்தர்’ எனப்படும் மறுபிறவி லாமா எவரும் அரசு அனுமதியின்றி மறுபிறவி எடுக்கக் கூடாது என்னும் சீன மத விவகாரத் துறையின் 5-ஆம் எண் ஆணை 2007 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது.

1793-இல் சீனப் பேரரசர் சியன்லோங்கும் மறுபிறவியைத் தேர்ந்தெடுக்கத் தங்கக் குடத்தில் சீட்டுக் குலுக்கச் சொன்னார்தான். அவராவது சாமி கும்பிட்டவர். இப்போது ஆள்வது, உறுப்பினர்கள் நாத்திகர்களாகவே இருக்க வேண்டும் என்று கண்டிப்புக் காட்டும் கட்சி. அதன் கணக்கில் மறுபிறவி என்பதே கிடையாது. இருந்தாலும் முத்திரை குத்தாமல் பிறக்கக் கூடாது!

பாவம் சித்திரகுப்தன், இத்தனை யுகமாக ஒரே ஓர் ஏட்டை வைத்துக்கொண்டு காலம் தள்ளிவிட்டான்.