எங்கப்பன் குதிருக்குள் இல்லை

நாரையும் பசையையும் சேர்த்தால் இரும்புக்கு ஈடு கட்டலாம் என்று மேல்நாட்டு என்ஜினியர்கள் கண்டுபிடித்தார்களாம். திருக்காட்டுப்பள்ளிக் கிழவிகள் கேட்டால் சிரிப்பார்கள். களிமண்ணில் வைக்கோலைப் போட்டு மிதித்து, உறை உறையாக அடுக்கினால் குதிர். வெறும் மண் காய்ந்தால் வெடிக்கும். அந்த வெடிப்பை ஓடவிடாமல் வைக்கோல் இழுத்துப் பிடிக்கும். ஃபைபர் காரின் ரகசியமும் இவ்வளவுதான்: மண்ணுக்குப் பதில் பிசின், வைக்கோலுக்குப் பதில் கண்ணாடி இழை. கிழவிக்குக் காப்புரிமை வாங்கத் தோன்றவில்லை. நெல்லைக் கொட்டி மூடிவிட்டாள்.

ஹென்றி ஃபோர்டுக்குச் சோயா பைத்தியம்; அதிலிருந்து பிளாஸ்டிக்கும் செய்யப் பார்த்தார். 1940இல் பிளாஸ்டிக் டிக்கி மூடியைக் கோடாலியால் ஓங்கி அடித்துக் காட்டினார். சொந்தக் காரையே வெட்டப் போன முதலாளி வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. 1941 ஆகஸ்டில் முழுக் காரே வந்தது: இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே 14 பிளாஸ்டிக் பலகைகள். பிறகு போர், இருந்த ஒரு காரையும் உடைத்துப் போட்டார்கள். கலவைப் பக்குவமும் கூடவே போயிற்று, ரசப்பொடி அளவைச் சொல்லாமல் கண்ணை மூடிய மாமியார் மாதிரி.

கிழக்கு ஜெர்மனியில் எஃகுக்குத் தட்டுப்பாடு. சோவியத் பஞ்சுக் கழிவையும் பீனால் பிசினையும் அழுத்தி 1957 முதல் டிராபன்ட் கார் செய்தார்கள். 30 லட்சத்துக்கு மேல் செய்தும் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்பா பதிவு செய்வார், பிள்ளை ஓட்டுவான். அந்தக் காரைப் பன்றி தின்றுவிட்டது என்றொரு கதையும் உண்டு.

நம் பக்கத்தில் பெங்களூர் சிபானி நிறுவனம் 1982இல் டால்பின் காரை இறக்கியது. இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன்தான் மூலம். ஃபைபர் கிளாஸ் உடம்பு, 848 சிசி. எடை குறைவு என்பதால் சோழவரம் பந்தயத்தில் சீறிற்று. ஆனால் வாங்க வருகிறவர் பந்தயத்துக்கா போகிறார்? விரலால் தட்டிப் பார்த்தார். ‘டங்’ என்று கேட்கவில்லை. உடனே கார் விற்கிறவர், கேட்காமலே, “பிளாஸ்டிக் இல்லீங்க!” முடிந்தது வியாபாரம். 1983 டிசம்பரில் ‘டங்’கென்று மாருதி 800 வந்து நின்றது.

வாழையின் பங்காளியான ஃபிலிப்பைன்ஸ் அபாகாவின் நாரைப் பிற்பாடு மெர்சிடிஸ் ஏ-கிளாஸில் ஸ்டெப்னிக்கு அடிமூடியாக்கினார்கள். இங்கே தார் வெட்டியதும் மரத்தை வாய்க்காலோரம் தள்ளுகிறோம். மெர்சிடிஸ்காரர்கள் குடமுருட்டிக் கரைக்கு வந்திருந்தால், தார் எங்களுக்கு, மட்டை உங்களுக்கு என்று பேரத்தை முடித்து, அபாகாவுக்குப் பதில் அரைக் கிலோ திருவையாற்று அசோகாவும் கட்டிக் கொடுத்திருப்போம்.