நடுச்சேரிக்காரன்

2024 கார்த்திகை. பாராளுமன்றத் தேர்தலுக்கு எட்டோ ஒன்பதோ நாள் இருந்தது. தேத்தண்ணிக் கடையில் குந்தியிருந்தபோது, "இந்த மழைக்கு வீடு ஒழுகுது" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். நான் சொன்னது என்னுடைய வீட்டை. பின்தாழ்வாரத்தில் நான்கு ஓடு விலகி, அலுமினியச் சட்டி வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தோம். கடையில் இருந்தவர்கள் காதில் விழுந்தது தமிழரசுக் கட்சியின் சின்னமான வீடு.

பின்னேரம் இரண்டு பெடியன்கள் மோட்டார் சைக்கிளில் வந்து கேற்றடியில் நின்றார்கள். எந்தக் கட்சி என்று நான் கேட்கவில்லை. "ஐயா, வீடு ஒழுகுது எண்டு சொன்னீங்களாம்?" பேசாமல் கூட்டிப்போய்ச் சட்டியைக் காட்டினேன். ஒருவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "மெய்தான்டா, ஒழுகுது" என்றான். மற்றவனுக்கு மனம் ஆறவில்லை. "இதைத் தேர்தல் முடியச் சொல்லியிருக்கலாமே ஐயா" என்றான்.

தேர்தல் காலத்தில் எங்கள் வந்தாறுமூலையில் பெயர்ச்சொல் பாவிக்கக் கூடாது என்பது என் அனுபவம். வீடு, படகு, மரம், மயில், வீணை, சைக்கிள், தொலைபேசி, திசைகாட்டி எல்லாம் யாரோ ஒருவருடைய சொத்து. "ராத்திரி யானை இறங்கி வேளாண்மையை அழிச்சிட்டுது" என்று வாடியில் இருந்து வந்தவன் அழுதால், பாதிப்பேர் அனுதாபப்படுவார்கள், மீதிப்பேர் சிரிப்பார்கள். வெற்றிலை ஒரு கூட்டணியின் சின்னமாக இருந்த காலத்தில், வட்டாவை நீட்டினால் வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்தவர்களைக் கண்டிருக்கிறேன். மட்டக்களப்பில் வெற்றிலை வாங்க யோசித்த மனிதர் அதற்கு முன் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

எனக்குக் கட்சி இல்லை. இதைச் சொல்லத் தொடங்கி நாற்பத்தேழு வருடமாகிறது, இன்னும் ஒருவரும் நம்பவில்லை. வீட்டுக்காரர் என்னைத் திசைகாட்டி என்கிறார்கள். திசைகாட்டிக்காரர் படகு என்கிறார்கள். படகுக்காரர் மட்டும், "ஐயா நம்மட ஆள்தான், வெளியில சொல்லமாட்டார்" என்று கண்ணடிக்கிறார்கள். அதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் மனிதன் என்றால் எதிலாவது சேர்ந்திருக்க வேண்டும். பிறந்தவுடன் குடி வந்துவிடும். தாயின் குடி எதுவோ அதுவே பிள்ளையின் குடி, அதில் தகப்பனுக்குப் பேச்சில்லை. கோயிலில் எந்த நாள் யாருடைய திருவிழா, யாருக்கு என்ன முறை என்பதெல்லாம் குடியை வைத்துத்தான். கலியாணப் பேச்சிலும் முதலில் கேட்பது அதைத்தான், ஒரே குடிக்குள் முடிக்கக் கூடாது. தகப்பன்மாருக்கும் ஏதாவது விட்டுவைக்க வேண்டுமே என்றுதான் கட்சியைக் கண்டுபிடித்தார்களோ என்று நான் சந்தேகப்படுவதுண்டு. குடி தாய்வழி, கட்சி தகப்பன்வழி.

கட்சிக்கும் முந்தியது கொம்புமுறி. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. கண்ணகி அம்மன் பேரில் ஊரே இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். இங்கே சேரி என்றால் பக்கம், வேறு அர்த்தம் எடுக்கவேண்டாம். வைரமான இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி, இரு சேரியும் இழுக்கும். யாருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றார்கள். அதோடு விடுவதில்லை, வென்றவர்கள் பாட்டுக்கட்டி மற்றவர்களை வாங்கு வாங்கென்று வாங்குவார்கள். இரண்டு கட்சி, தோற்றவனுக்கு அவமானம், நடுவில் ஊருக்கு மழை வேண்டும் என்ற நேர்த்தி: பிரித்தானியன் வந்து எங்களுக்குப் புதிதாக என்ன கற்றுத்தந்தான் என்று தெரியவில்லை. ஆனால் நடுச்சேரி என்று ஒன்று அதில் கிடையாது. வடத்தைப் பிடிக்காதவன் வடம் அறுந்தால் அடிபடுகிற இடத்தில் நிற்பான். அவ்வளவுதான்.

என் அப்பா யானைக் கட்சி. அம்மாவின் ஆட்கள் தமிழரசு. 1977இல் எனக்கு முதல் வாக்கு. அப்போது தமிழர் விடுதலைக் கூட்டணி உதயசூரியனில் நின்று 18 ஆசனம் எடுத்தது. சூரியன் உதிக்காத தமிழ் வீடு இல்லை என்று சொன்ன காலம். ஆனால் எங்கள் கல்குடாத் தொகுதியில் யானையில் நின்ற தேவநாயகம்தான் வென்றார், பிறகு நீதி அமைச்சரும் ஆனார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பச்சைக் கொடியைச் சைக்கிள் ஹாண்டிலில் கட்டிக்கொண்டு செங்கலடிவரை போய்வந்தார். சைக்கிளும் ஒரு கட்சியின் சின்னம் என்பது அந்தச் சந்தோசத்தில் அவருக்கு உறைக்கவில்லை. மாமாமார் எங்கள் வீட்டுப் படலையைத் திறக்க ஆறு மாதம் ஆனது. அப்பா, அம்மா இருவர் முகத்தையும் பார்த்துத்தான் நான் அன்றே முடிவெடுத்தேன், புள்ளடி என் கையில், வாய் என் பல்லுக்குள்.

அதே தேர்தலில் பக்கத்து மட்டக்களப்புத் தொகுதியில் நடந்தது இன்னும் விசேடம். சொல்லின் செல்வர் இராசதுரை சூரியனில். காசி ஆனந்தன் வீட்டில். இரண்டும் ஒரே ஆட்களின் சின்னம். சூரியனுக்குப் போட்டால் வீட்டுக்குத் துரோகமா, வீட்டுக்குப் போட்டால் சூரியனுக்குக் கோபமா என்று சனம் தலையைச் சொறிந்தது. இராசதுரை வென்றார். இரண்டு வருடத்தில், 1979இல், அவர் யானையில் ஏறி அமைச்சரானார்.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. என்னைப் பார்த்து, "உனக்கு ஒரு நிலையான கொள்கை இல்லை" என்று சொன்ன மாமா ஒருவர் அந்த வாரம் முழுக்க வெளியே வரவில்லை.

கட்சியில்லாதவன் ஓடித் திரிகிறான் என்று நினைக்கிறார்கள். நான் அரை நூற்றாண்டாக ஒரே திண்ணையில் இருக்கிறேன். கட்சிகள்தான் என்னைத் தாண்டி அங்குமிங்கும் போகின்றன. 2024 புரட்டாதியில் நடந்த ஜனாதிபதித் தேர்தலையே பாருங்கள். எங்கள் மாவட்டத்து முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளர். ஆள் தமிழரசுக் கட்சி, நின்றது சுயேட்சையாக, சின்னம் சங்கு. தமிழரசுக் கட்சியோ இன்னொரு வேட்பாளரான சஜித்தின் தொலைபேசிக்கு ஆதரவு என்று முடிவெடுத்தது. வீட்டுக்குள் ஒருவர் சங்கை எடுக்க, இன்னொருவர் ரெலிபோனில் கதைக்க, எங்கள் ஒழுங்கை முழுக்க ஒரே சத்தம். தமிழில் சங்கு ஊதுவது எதற்கு என்று யாரும் யோசித்தார்களா என்று கேட்கத்தான் நினைத்தேன். பெயர்ச்சொல் என்பதால் விட்டுவிட்டேன். ஊதிய சங்குக்கு 226,343 வாக்கு விழுந்தது.

சுயேட்சையாக இருப்பதற்கு எங்கள் சட்டமே விலை போட்டிருக்கிறது. ஜனாதிபதித் தேர்தலில் கட்சியில் நின்றால் கட்டுப்பணம் 50,000 ரூபாய், சுயேட்சை என்றால் 75,000. ஆளைத் தாங்க ஒருவரும் இல்லாதவனிடம்தான் இருபத்தையாயிரம் கூட வாங்குகிறார்கள். 1947இல் முதல் பாராளுமன்றத்துக்குத் தெரிவான 95 பேரில் 21 பேர் சுயேட்சைகள். அப்போது அது மரியாதையான சொல்லாக இருந்திருக்க வேண்டும்.

"நீங்க அப்ப சுயேட்சைக் குழுவில நில்லுங்க" என்று ஒருமுறை கேட்டு வந்தார்கள். மட்டக்களப்புக்கு 5 ஆசனம், ஒரு பட்டியலுக்கு 8 பேர் வேண்டும், ஏழு பேர் சேர்ந்துவிட்டார்களாம். கூட்டத்துக்குப் போனேன். "நாங்கள் எந்தக் கட்சியும் இல்லை" என்று தொடங்கி, தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவு நடந்தது. பொருளாளர் தெரிவில் பிரச்சினை வந்து மூன்று பேர் எழும்பிப் போனார்கள். எனக்குத் தேத்தண்ணி வருவதற்குள் ஒரு கட்சி உருவாகி, பிளந்தும் முடிந்துவிட்டது.

கனடாவில் இருக்கும் என் மகள், அமெரிக்காவில் பல மாநிலங்களில் வாக்காளராகப் பதியும்போதே கட்சியையும் எழுதலாம் என்கிறாள். எந்தக் கட்சியும் இல்லை என்றும் எழுதலாமாம். கலப் என்ற நிறுவனம் கேட்டுப் பார்த்ததில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் தங்களைச் சுயேட்சை என்றுதான் சொல்கிறார்களாம். எங்கள் கிராம உத்தியோகத்தரின் படிவத்தில் அப்படியொரு பெட்டி இல்லை, அவருக்கு அது தேவையும் இல்லை. வாசலில் நிற்கும்போதே பார்த்து எழுதிவிடுவார்.

ஆனால் இதையெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாத ஒரு காலமும் இங்கே இருந்தது. எங்கள் ஊர்ப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதியாக இருந்தவர்களில் 158 பேரை 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி கூட்டிப்போனார்கள். அவர்கள் திரும்பவில்லை. அந்த வருடங்களில் நீ எந்தப் பக்கம் என்று நீ சொல்லத் தேவையில்லை, சாக்கால் முகத்தை மூடிய தலையாட்டி சொல்வான். எங்கள் வயதுக்காரரிடம் போய் யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டால் முகம் ஏன் அப்படிக் கல்லாகிறது என்று பெடியன்களுக்கு விளங்காது. விளங்காமலே இருக்கட்டும்.

தேர்தல் அன்று, கார்த்திகை 14, என் பெரியம்மாவை ஒரு கட்சி ஓட்டோ வந்து ஏற்றிப்போனது. தொண்ணூறை எட்டிப் பிடிக்கும் வயது. திரும்பி வந்தது வேறொரு கட்சி ஓட்டோவில். இரண்டு சாரதிகளிடமும், "உங்களுக்குத்தான் மனே" என்று சொல்லியிருக்கிறார். இரவு முடிவு வரத்தொடங்கியது. விடிந்து பார்த்தால் நாட்டின் 22 தேர்தல் மாவட்டத்தில் 21இல் திசைகாட்டி, மட்டக்களப்பில் மட்டும் வீடு. மூன்று ஆசனம் அவர்களுக்கு, திசைகாட்டிக்கும் முஸ்லிம் காங்கிரசுக்கும் ஒவ்வொன்று. கொழும்பில் இருந்து ஒரு சிநேகிதன் போன் எடுத்து, "உங்கட ஊரில மட்டும் என்னப்பா?" என்று நான்தான் காரணம் போலக் கேட்டான்.

பெரியம்மா தாழ்வாரத்தில் வட்டாவோடு இருந்தார். "நீ யாருக்கு மனே போட்டாய்?"

"அது ரகசியம் பெரியம்மா."

"உன்ட அப்பனும் இப்பிடித்தான்." பாக்கை வெட்டிக்கொண்டே சொன்னார். "எழுபத்தேழில கொடியைக் கட்டிக்கொண்டு திரிஞ்சான். போட்டது சூரியனுக்கு. உன்ட அம்மைக்கிட்ட மட்டும் சொன்னவன். அவள் எனக்கிட்ட மட்டும் சொன்னவள். அவளிட ஆக்கள்ற மனம் நோகக்கூடாதாம்."

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. "அம்மா?"

"அவள் யானைக்கு. புருசன்ட மனம் நோகக்கூடாதாம்."

"நீங்க?"

வெற்றிலையை மடித்து வாய்க்குள் தள்ளிவிட்டார். இனிப் பேச முடியாது. நாடியால் பின்பக்கத்தைக் காட்டினார். சட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.