பிரிந்தவர்கள் வழக்கை இழுக்கச் சில எளிய வழிகள்

முதல் வேலையாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்புங்கள். மைசூர்க்காரர்களுக்கு இது ரொம்பச் சுலபம். ராத்திரி காவேரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிந்ததும் சென்னை சென்ட்ரல். பகலில் போக 2022 நவம்பரிலிருந்து வந்தே பாரத்தும் இருக்கிறது. அண்ணா நகரில் ஏதாவது பள்ளியில் சேர்த்து ஃபீஸ் ரசீதைப் பத்திரப்படுத்திவிட்டால் பிள்ளை சென்னைவாசி ஆகிவிடும் என்று உங்கள் பெரியப்பா சொல்வார். 1890-ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊரின் கோர்ட்டில்தான் மனு போட வேண்டும் என்கிறது. அது எந்த ஊர் என்று வாதாடியே நாலைந்து வாய்தாவை ஓட்டிவிடலாம்.

இதற்குள் கணவர் மைசூர் குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்து மனு போட்டிருப்பார். மனைவியும் தான் இருக்கும் ஊரிலேயே போடலாம். 2003-இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். அடுத்தது மாற்றல் மனு. வழக்கை மைசூரிலிருந்து பெங்களூருக்கு மாற்றக் கர்நாடக உயர் நீதிமன்றம் போதும். சென்னைக்கு மாற்ற வேண்டுமானால் டெல்லிக்குப் போய் உச்ச நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். பிள்ளை ஒரே ராத்திரியில் போய்ச் சேர்ந்த ஊருக்கு ஃபைல் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும்.

வெளிநாட்டிலிருந்து பிள்ளையோடு வந்தவர்களுக்கு இன்னும் யோகம். பிள்ளைக் கடத்தல் பற்றிய 1980 ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவே இல்லை. அதனால் தீர்ப்புகள் இரு பக்கமும் கிடைக்கும். இங்கிலாந்திலிருந்து கோயம்புத்தூருக்கு அழைத்து வரப்பட்ட இரண்டு சிறுமிகளைத் திருப்பி அனுப்பச் சொன்னது உச்ச நீதிமன்றம், 2015-இல். வெளிநாட்டுக் கோர்ட்டின் உத்தரவு கவனிக்க வேண்டிய பல விஷயங்களில் ஒன்று மட்டுமே என்றது 2017-இல். கர்நாடகத்திலிருந்து போன ஒரு வழக்கில் பையனை அமெரிக்காவுக்கே அனுப்பச் சொன்னது 2022-இல். உங்கள் வக்கீல் ஒன்றைக் காட்டினால் எதிர்த்தரப்பு வக்கீல் இன்னொன்றைக் காட்டுவார். மூன்றிலும் நீதிபதிகள் கேட்டது, பிள்ளைக்கு எது நல்லது என்றுதான். அந்தக் கேள்வி பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். வழக்கு சட்டென்று முடிந்துவிடும்.

அப்பாக்களுக்கு ஒரு தனிக் குறிப்பு: 1956-ஆம் வருஷத்து இந்துக் காப்பாளர் சட்டத்தை எடுத்து, அப்பாதான் இயற்கைக் காப்பாளர், அம்மா அவருக்கு அப்புறம்தான் என்று வாதாடுங்கள். அப்பா பொறுப்பேற்காத நிலையில், அவர் உயிரோடு இருக்கும்போதே அம்மா காப்பாளர் ஆகலாம் என்று எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999-லேயே தீர்ப்பாகிவிட்டது. இருந்தால் என்ன, ஒரு நாள் வாதத்துக்கு ஆகும்.

நீதிபதி பிள்ளையைத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசுவார். முந்தின ராத்திரியே ஒப்பிக்க வையுங்கள். மைசூர் நீதிபதி, "ஊட்டா ஆய்தா, புட்டா?" (சாப்பிட்டாச்சா, கண்ணு?) என்று கன்னடத்தில் கேட்பார். எட்டு வயசுப் பிள்ளை, "ஆய்து. அப்பாவால் எனக்கு மிகுந்த மன உளைச்சல்" என்று மூச்சு விடாமல் சொல்லும். சொல்லிக்கொடுத்தது யாரென்று அவர் கேட்க மாட்டார். இன்னொரு மிட்டாய் எடுத்துக்கொள்ளச் சொல்வார்.

அப்பாவோ அம்மாவோ வந்து பார்த்துப் போக நாள் குறிக்கும்போது செவ்வாய்க்கிழமையாகக் கொடுங்கள். அன்று மைசூர் ஜூவுக்கு விடுமுறை. தசரா லீவு முழுக்க உங்களுக்கே வேண்டுமென்று தனி மனு போடுங்கள். ஜம்பு சவாரி யானை ஊர்வலத்தைப் பாட்டி வீட்டு டிவியில் பார்த்தால் போதும்.

சொத்துக்கு வருவோம். பிரிந்தால் சரிபாதி என்பது சினிமாவில் பார்த்தது. கோவாவை விட்டால் இந்தியாவில் தம்பதி சொத்தைப் பாதியாக்கும் சட்டமே இல்லை. அந்தத் தைரியத்தில் மைசூர் நகர வளர்ச்சி ஆணையம் (மூடா) ஒதுக்கிய சைட்டை உங்கள் அம்மா பெயருக்கு மாற்றுங்கள். சம்பளத்தைக் குறைத்துச் சொல்லுங்கள். ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் அஃபிடவிட்டில் எழுதித் தர வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் விதித்துவிட்டது. பேங்க் பாஸ்புக்கும் கேட்பார்கள். மாமனார் பெயரில் இருக்கும் வீடானாலும் மருமகள் அங்கே குடும்பம் நடத்தியிருந்தால் குடியிருக்கும் உரிமை கேட்கலாம் என்றதும் அதே வருஷம்தான். நகை பெண்ணுடையது, அதில் கை வைக்காதீர்கள் என்று சொன்னால் கேட்கவா போகிறீர்கள்?

2023-இல் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் சம்பாதிக்க வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் சமபங்கு உண்டு என்றது. சென்னைத் தீர்ப்பு மைசூரைக் கட்டுப்படுத்தாது என்று எழுந்து நின்று சொல்லுங்கள். சட்டப்படி சரியான வாதம். ஆனால் இதே மைசூரில், நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில், 1933-லேயே இந்துப் பெண்களுக்குக் குடும்பச் சொத்துப் பாகப்பிரிவினையில் பங்கு கொடுத்துச் சட்டம் போட்டார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் விதவைகளுக்கு மட்டுமாவது ஏதோ கொடுக்க 1937 ஆயிற்று. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இது ஞாபகம் இல்லாமலிருக்க வேண்டிக்கொண்டு சாமுண்டி மலை ஏறிவிட்டு வாருங்கள்.

சமரச மையத்தில் டீ கொடுத்தால் குடியுங்கள், கையெழுத்து மட்டும் போடாதீர்கள். பிள்ளைக்கு 18 நிறைந்தால் காப்பு மனுவுக்கு வேலையில்லை. எங்கே இருப்பது என்று அதுவே முடிவு பண்ணிக்கொள்ளும். அதற்குள் எத்தனை வாய்தா வாங்க முடியும் என்று வக்கீலிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.