முத்திரையிடப்படாத டம்ளர்

பெறுநர்: சட்டமுறை எடையளவுப் பிரிவு, தொழிலாளர் துறை, தமிழ்நாடு அரசு.
பொருள்: சமையலறை டம்ளர்களுக்கு முத்திரை கோருதல் தொடர்பாக.



மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக் கடைத் தராசுகளையும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையின் எடைக்கற்களையும் சோதிக்கும் அதிகாரத்தை 2009ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டம் துறைக்கு வழங்கியிருந்தும், அங்கு வாங்கப்படும் அரிசி வீட்டு வாசலைத் தாண்டியதும் எந்த முத்திரையும் இல்லாத ஓர் எவர்சில்வர் டம்ளரின் ஆட்சிக்குள் போய்விடுகிறது என்பது துறையின் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்படுகிறது.

கடை எடையில் விற்கிறது. அடுப்போ கொள்ளளவில், அதாவது பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவில், கேட்கிறது. ஒரே இடத்தில் எவ்வளவு எடை அடங்கும் என்பதை அடர்த்தி தீர்மானிப்பதால், 240 மில்லி கப்பில் தண்ணீர் 240 கிராமும், சர்க்கரை ஏறத்தாழ 200 கிராமும், மைதா 120 கிராம் அளவிலும் நிற்கின்றன. இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்னும் கணக்கு எந்த டம்ளரிலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அமெரிக்கச் செய்முறையின் 240 மில்லி கப்புக்குப் பதிலாக அரிசி குக்கருடன் வரும் 180 மில்லி கப்பைக் கொண்டு சேலையூரில் கேக் செய்யும்போது, மற்றவையெல்லாம் கால் பங்கு குறைந்துவிட, எண்ணிக்கையில் வரும் முட்டை மட்டும் குறையாமல் நிற்பதால், கேக் முட்டைப் பணியாரமாக எழுந்தருளுகிறது.

பாக்கெட்டில் அடைத்த பொருளும் இக்குழப்பத்துக்கு விலக்கல்ல. சூடேறினால் எண்ணெய் விரியும் என்பதால், ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919 கிராமும் 60 டிகிரியில் 892.6 கிராமும் இருக்கும். அந்த 60 டிகிரியையே உறையில் குறித்துக்கொண்டு எடையைக் குறைத்த நிறுவனங்களும் இருந்தமையால், வெப்பநிலையைக் குறிப்பிடாமல் கொள்ளளவையும் அதற்குரிய சரியான எடையையும் அச்சிடுமாறு ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது. கத்திரி வெயிலிலும் தாம்பரம் 60 டிகிரியைக் கண்டதில்லை. பாலோ மில்லிலிட்டரில் விற்கப்பட, அதே கடையில் தயிர் கிராம் கணக்கில் விற்கப்படுகிறது.

இம்மாநில மக்கள் கிலோவை ஏற்றுக்கொண்டார்களா என்பதே ஆய்வுக்குரியது. மெட்ரிக் எடைகள் சட்டப்படி கட்டாயமாகிவிட்ட பின்னர் வந்த 1967ஆம் ஆண்டுத் தேர்தலில், திமுக வாக்குறுதி அளித்தது ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றுதான். ஆட்சிக்கு வந்து சென்னையிலும் கோவையிலும் முதலில் வழங்கியதும் ரூபாய்க்கு ஒரு படிதான். சட்டம் கிலோவுக்கு மாறிய பின்னும் வாக்கு படியிலேயே அளக்கப்பட்டது. அந்தப் படியும் ஊருக்கு ஊர் வேறுபட்டது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே, தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள் முகாம் நடத்தி, சீர்வரிசையில் வந்த டம்ளர், குக்கர் கப், காதறுந்த காபிக் கோப்பை ஆகிய அனைத்தையும் அளந்து மில்லி எண்ணைப் பொறித்துத் தருமாறும், மாவு, ரவை, சர்க்கரை உறைகளில் ஒரு கப்பின் எடையையும் அச்சிடச் செய்யுமாறும் கோரப்படுகிறது. இவை இயலாதெனில், தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பதையேனும் அரசாணையாக வெளியிட்டு உதவ வேண்டும்.

இப்படிக்கு,
தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை வட்டாரச் சமையலறைகள்